ஆப்பிள் பறிக்க மலைக்கு வரலாமா? – மலைத்தோட்டம் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழம் பறிப்பதைப் பற்றித்தான். அதனால் கேரட், மலைப்பூண்டு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். பழத்தை முடித்துவிடுவோம்.

கேள்வி: என் மகள் குடும்பம் அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் இருந்தது. அங்கே ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர், அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஆப்பிள் தோட்டத்துக்குப் போய், தாங்களே பறித்து, பை நிறைய எடுத்து வருவார்களாம். இப்போது கோவைக்கே திரும்பி வந்துவிட்டார்கள். "ஆப்பிள் பறிக்க எப்போ போறோம் பாட்டி?" என்று பேரனும் பேத்தியும் நச்சரிக்கிறார்கள். அக்டோபரில் கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ கூட்டிப் போனால் பறிக்க முடியுமா?
– கோவை வாசகி

பதில்: அக்டோபரில் ஆப்பிள் என்றால் முடியாதும்மா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "கொடைக்கானல் ஆப்பிள் தோட்டம்" என்று போனில் எதையோ பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, ஏரியை ஒரு சுற்று சுற்றி, சுட்ட சோளம் தின்றுவிட்டு, வழியில் காஷ்மீர் ஆப்பிளை விலைக்கு வாங்கிக்கொண்டு இறங்கிப் போகிற குடும்பங்கள் வருஷா வருஷம் உண்டு.

நம் மலைகளில் ஆப்பிள் மரமே கிடையாது என்று இதற்கு அர்த்தமில்லை. கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் கே.கே.எல். 1 என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. பார்லின்ஸ் பியூட்டி, ரோம் பியூட்டி, ஐரிஷ் பீச் எல்லாம் நம் மலைகளுக்கு என்று சிபாரிசு செய்யப்பட்ட ரகங்கள்தான். பழைய பங்களாக்களின் பின்பக்கம் பாசி பிடித்த ஆப்பிள் மரம் ஒன்றிரண்டு இன்றைக்கும் நிற்கும். ஆனால் குடும்பம் குடும்பமாகக் கூடையோடு இறங்கிப் பறிக்கிற அளவுக்குத் தோப்பாக இல்லை, இருக்கிற மரங்களிலும் பெரும்பாலும் அக்டோபர் வருவதற்கு முன்பே காய்ப்பு முடிந்துவிடும்.

ஏன் என்று பேரப்பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். ஆப்பிள் மரத்துக்குக் குளிர்காலத்தில் தூக்கம் வேண்டும். இலையை உதிர்த்துவிட்டு, சுமார் 7 டிகிரிக்குக் கீழே 800 முதல் 1,200 மணி நேரம் குளிரில் நின்றால்தான் வழக்கமான ரகங்களில் மொட்டெல்லாம் ஒன்றாக விழிக்கும். மாசசூசெட்ஸில் அந்தக் குளிர் வேண்டிய மட்டும் கிடைக்கும். இங்கே ஜனவரி ராத்திரி நமக்குப் பல் கிட்டும், சரி, ஆனால் விடிந்து ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடுகிறதே, மரம் என்ன செய்யும்? அரைத் தூக்கத்தில் எழுந்து, ஒரு கிளையில் பூவும் இன்னொரு கிளையில் காயும் மற்றொரு கிளை மொட்டையுமாக நிற்கும். இந்தோனேசியாவில், ஜாவா தீவின் மலாங் பக்கத்து மலைகளில், இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் ஆள் விட்டு இலை முழுவதையும் கையால் உருவி எடுத்துவிடுவார்கள். குளிரே இல்லாமல் மரம் மறுபடி பூத்து வருஷத்துக்கு இரண்டு போகம் வருகிறது. கூலி கட்டுப்படியானால் நாமும் செய்யலாம். நம் ஊரில் அந்தக் கூலிக்கு உருளைக்கிழங்கு போட்டு எடுத்துவிடுவார்கள்.

இன்னொன்று, உங்கள் மகள் போய் வந்தது மாதிரி தோட்டங்கள் பிள்ளைகள் பறிப்பதற்கென்றே அமைத்தவை. அங்கே பல தோட்டங்களில் மரம் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் அதிகம். இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம் பிரித்தெடுத்த குட்டை வேர்ச்செடிகளில், அதாவது ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கிற செடிகளில், ஒட்டுக் கட்டி வளர்ப்பதால் நாலு வயசுக் குழந்தை நிமிர்ந்தால் கைக்குப் பழம் எட்டும். வாசலில் பையை விலைக்கு வாங்கிக்கொள்வது, பை நிறைகிற வரை பறிப்பது, டிராக்டர் பின்னால் வைக்கோல் மேல் உட்கார்ந்து ஒரு சுற்று, வெளியே வரும்போது ஆப்பிள் சாறு விட்டுப் பிசைந்து பொரித்த டோனட். செப்டம்பரில் மெக்கின்டாஷ் வரும், அப்புறம் ஒவ்வொரு ரகமாக அக்டோபர் வரை நீளும். வானமும் பெரும்பாலும் வெளுத்து, காற்று குளிர்ந்து, நடப்பதற்குச் சுகமாக இருக்கும். நம் அக்டோபர் அப்படியா? ஐப்பசி அடைமழை, வடகிழக்குப் பருவக்காற்று நேராகப் பழனி மலையில்தான் வந்து முட்டும். பத்தடி முன்னால் போகிற வண்டி தெரியாது, மலைப்பாதையில் எங்கே மண் சரியும் என்று சொல்ல முடியாது, செருப்புக் காலில் அட்டை ஏறும். அந்த நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்க வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? பேரிக்காய் பறிக்கக் கூட்டி வாருங்கள். ஆடி, ஆவணியில் கொடைக்கானல் மலையில் பேரிக்காய்தான் ராஜா. வில்பட்டி, பெருமாள்மலை, பேத்துப்பாறை, செண்பகனூர், அடுக்கம் பக்கமெல்லாம் வீட்டுக் கொல்லையிலும் காபிக்கு நடுவிலும் மரம் உண்டு. நீலகிரி என்றால் குன்னூர், கோத்தகிரி பக்கம் விசாரியுங்கள், உங்களுக்கு அதுதான் கிட்டவும். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வருகிற விடுமுறை நல்ல நேரம். காலாண்டுத் தேர்வு லீவு வரை தள்ளினால் கடைசிக் காய்கள் கிடைத்தாலும் கிடைக்கும், அந்த வருஷத்து மழையைப் பொறுத்தது. கோடை விடுமுறைக்கே வருகிறீர்கள் என்றால் மே மாதம் பிளம்ஸும் பீச்சும் இருக்கும், பிளம்ஸ் மரம் தாழ்வாகப் படர்வதால் சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே தோது.

தோட்டக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிட்டு வாருங்கள். தங்குகிற வீட்டுக்காரரிடம் சொன்னாலே யாராவது ஒருத்தரைக் கைகாட்டுவார். "பறிக்கிறதுக்குக் கூலி வேண்டாம், பறித்ததை எடை போட்டுக் காசு தருகிறோம்" என்றால் மறுக்கிறவர்கள் குறைவு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது, கிளம்பும் முன் பதிவு செய்துவிடுங்கள். துணிப்பை எடுத்து வாருங்கள், பிளாஸ்டிக் பாட்டில் கூடாது, சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

பேத்திக்கு வேண்டியது ஆப்பிள்தானா, இல்லை வருஷத்துக்கு ஒரு நாள் எல்லோரும் ஒன்றாக ஒரு மரத்தடிக்குப் போவதா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன். இரண்டாவது என்றால் ஒரே தோட்டம், ஒரே மாதம் என்று பிடித்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒரு ஊர் என்று மாற்றிக்கொண்டே இருந்தால் அது டூர்தான். அதே மரத்துக்குத் திரும்பிப் போனால்தான் "போன வருஷம் இந்தக் கிளை எனக்கு எட்டலை" என்று பிள்ளை சொல்லும்.

கேள்வி: போன வருஷம் நண்பரின் தோட்டத்தில் பேரிக்காய் பறித்தோம். கிளையோடு ஒடிகிறது, சிலது காம்பில்லாமல் வந்துவிடுகிறது. தோட்டக்காரர் முகம் சுண்டிவிட்டது. சரியாகப் பறிப்பது எப்படி?
– மதுரை வாசகர்

பதில்: முகம் சுண்டாமல் என்ன செய்யும்? நீங்கள் ஒடித்தது இந்த வருஷத்துக் காயை மட்டுமல்ல. பேரியிலும் ஆப்பிளிலும் காய் உட்காருகிற இடத்தில் விரல் கணு மாதிரி குட்டையாக, தடித்து, வளையம் வளையமாக ஒரு சின்னக் கிளை இருக்கும். அதில்தான் வரப்போகிற வருஷங்களுக்கான பூ மொட்டும் உட்காரும். காயைப் பிடித்து இழுத்தால் அந்தக் கணுவே பிய்ந்து கையோடு வந்துவிடும்.

இழுக்கவே கூடாது. காயை உள்ளங்கையில் ஏந்தி, ஆள்காட்டி விரலைக் காம்பு கிளையில் சேருகிற முட்டில் வைத்து, தொங்குகிற காயை மெதுவாக மேல்நோக்கிப் படுக்கைவாக்கில் தூக்குங்கள். விளைந்த காய் என்றால் அந்த முட்டில் 'டக்' என்று தானே கழன்றுவிடும், காம்பு காயோடு நிற்கும். கழலவில்லையா, அது இன்னும் விளையவில்லை, விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். ஆப்பிளுக்கும் இதே வழிதான், தூக்கும்போது லேசாக ஒரு திருகு. காம்பு பிடுங்கி வந்த காயில் அந்தக் குழியிலிருந்து அழுகல் ஆரம்பிக்கும், அதை அன்றைக்கே தின்றுவிடுங்கள்.

விளைச்சல் பார்க்க இன்னொரு வழி, ஒன்றை நறுக்கி விதையைப் பார்ப்பது. வெள்ளையாக இருந்தால் பிஞ்சு, பழுப்பு ஏறியிருந்தால் பறிக்கலாம். தோலில் சிவப்பு ஏறியிருப்பதை நம்பாதீர்கள், வெயில் பட்ட பக்கம் சீக்கிரமே சிவந்துவிடும். அந்தச் சிவப்புக்கு அடியில் இருக்கிற பச்சை வெளிறி மஞ்சள் தட்டுகிறதா என்பதுதான் கணக்கு. கூடையில் போடும்போது எறியாதீர்கள், வைக்க வேண்டும். அடிபட்ட இடம் உடனே தெரியாது, வீட்டுக்குப் போய்த் திறந்தால் கறுத்திருக்கும்.

பெரியவர்கள் யாரும் மரம் ஏற வேண்டாம். காய்ப்பாரத்தில் தொங்குகிற பேரிக் கிளையில் காலை வைத்தால் கவையில் பிளந்துவிடும். மேல் கிளைக்கு வலை கட்டிய தொரட்டி இருக்கிறது, அதையும் தோட்டத்து ஆள் கையில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பேரிக்காய் நறநறவென்று மண் கடிபடுவது போல் இருக்கிறதே, ஏன்? பழுக்க வைத்தால் சரியாகுமா? பத்து கிலோ வாங்கி வந்துவிட்டு முழிக்கிறேன்.
– திண்டுக்கல் வாசகி

பதில்: அது மண் இல்லை, பேரிக்காயின் சதைக்குள்ளேயே இருக்கிற கல் செல்கள். மரக்கட்டைக்கு உறுதி தருகிற லிக்னின் அந்தச் செல்களின் சுவரில் படிந்து கெட்டியாகி, சின்னச் சின்னக் கொத்தாகச் சேர்ந்திருக்கும். விதையறையைச் சுற்றித்தான் அதிகம், அதனால் நடுப்பகுதியைத் தாராளமாக வெட்டித் தள்ளுங்கள். நம் மலை நாட்டுப் பேரியில் இது கூடுதல். கீஃபர் என்று ஒரு ரகம் இங்கே உண்டு, அமெரிக்காவில் பிலடெல்பியா பக்கம் ஐரோப்பியப் பேரியும் ஆசிய மணல் பேரியும் கலந்து உருவானது. அதிலும் நறநறப்பு இருக்கும், ஆனால் வேக வைத்தால் குழையாமல் நிற்கும்.

பழுக்க வைத்தால் கல் செல் கரையாது, ஆனால் சுற்றியுள்ள சதை இளகும். ஐரோப்பிய ரகங்கள் மரத்திலேயே பழுக்க விட்டால் உள்ளிருந்து கொழகொழத்துவிடும், அதனால் கெட்டியாக இருக்கும்போதே பறித்து வீட்டில் வைத்துத்தான் பழுக்க வைப்பார்கள். காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு போட்டு வையுங்கள், காம்பை ஒட்டிய கழுத்துப் பகுதியை அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், அவ்வளவுதான் பதம். வயிற்றுப் பகுதி அமுங்குகிற வரை காத்திருந்தால் உள்ளே போய்விட்டிருக்கும். நாட்டுப் பேரியை நான் பழுக்கவே விடுவதில்லை. கெட்டியாக, தண்ணீர் தெறிக்கக் கடித்துத் தின்ன வேண்டியது அது. நறுக்கி, உப்பும் மிளகாய்த் தூளும் தூவி, ஏரிக்கரையில் தள்ளுவண்டியில் தருகிறார்களே, அதற்கு மேல் ஒரு பக்குவம் வேண்டுமா என்ன.

பத்து கிலோவையும் அப்படியே தின்ன முடியாது என்பது நியாயம்தான். ஊறுகாய் போடுங்கள். தோலோடு சின்னத் துண்டாக நறுக்கி உடனே உப்பில் பிசறிவிட வேண்டும், சும்மா வைத்தால் கறுக்கும். அரை மணி நேரத்தில் விடுகிற தண்ணீரை வடித்துவிட்டு, நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், வறுத்துப் பொடித்த வெந்தயம், மிளகாய்த் தூள், இறக்கியபின் எலுமிச்சைச் சாறு. மாங்காய் தொக்கு மாதிரி வருஷக் கணக்கில் நிற்காது, பிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்தில் தீர்த்துவிடுங்கள். ஜாம் என்றால் எலுமிச்சை கட்டாயம், பேரியில் புளிப்பு குறைவு, அது இல்லாமல் ஜாம் சேராமல் பாகாகவே நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை. மலையிலிருந்து இறங்கும்போது எல்லோரும் ஒரே பையில் கேரட்டையும் பேரிக்காயையும் போட்டுக் கட்டுகிறார்கள். ஆப்பிள், பேரி எல்லாம் எத்திலீன் வாயு விடும், அது பட்டால் கேரட் கசக்கும். "கொடைக்கானல் கேரட் கசக்கிறது" என்று எனக்கு வருகிற கடிதங்களில் பாதி இந்தப் பையால் வந்தவை என்பது என் சந்தேகம்.

கேள்வி: பண்ணைக்காடு பக்கம் கொஞ்சம் இடம் வாங்கியிருக்கிறோம். நாலு ஆப்பிள் மரம் வைத்து, வருஷா வருஷம் பேரன்களோடு போய்ப் பறிக்க ஆசை. கடையில் வாங்கிய ஆப்பிள் விதை முளைத்திருக்கிறது, நடலாமா? ஆன்லைனில் "வெயில் தாங்கும் ஆப்பிள்" என்று விற்கிறார்களே, அது நிஜமா?
– சென்னை வாசகர்

பதில்: விதைக் கன்றை ஆசைக்குத் தொட்டியில் வையுங்கள், தோட்டத்தில் நட்டுப் பல வருஷம் காத்திருக்காதீர்கள். ஆப்பிள் விதை தாயைப் போல் வராது. நீங்கள் தின்றது என்ன ரகமாக இருந்தாலும் முளைத்து வருவது வேறு ஏதோ ஒன்று, பெரும்பாலும் சின்னதும் புளிப்புமாக. அதனால்தான் எல்லா ஊரிலும் ஒட்டுக் கன்று.

வெயில் தாங்கும் ஆப்பிள் நிஜம்தான். இமாச்சலப் பிரதேசம் பிலாஸ்பூர் மாவட்டத்தின் தாழ்வான மலைப்பகுதியில் ஹரிமன் சர்மா என்ற விவசாயி உருவாக்கிய எச்.ஆர்.எம்.என்.-99 ரகம் அதற்குப் பேர்போனது, அவருக்கு 2025-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஜூன் மாதத்தை ஒட்டியே பழுக்கிற ரகம் அது. இஸ்ரேலின் அன்னா, பஹாமாஸ் தீவின் டார்செட் கோல்டன் இரண்டும் குறைந்த குளிரில் காய்ப்பவை. அன்னா மட்டும் தனியாக வைத்தால் காய் சரியாகப் பிடிக்காது, டார்செட் கோல்டன் பக்கத்தில் நின்றால் தேனீ மகரந்தத்தை மாற்றிக் கொடுக்கும். இந்த இரண்டையும் கலந்து நாலு கன்று வையுங்கள்.

ஆனால் ஆன்லைனில் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கன்றின் அடித்தண்டில் ஒட்டுக் கட்டிய வளைவு தெரிய வேண்டும், எந்த வேர்ச்செடி என்று விற்கிறவருக்குச் சொல்லத் தெரிய வேண்டும். ஆப்பிளுக்குப் பஞ்சு அசுவினி என்று ஒரு பூச்சி வரும். கிளைக் கவையில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கும், நசுக்கினால் விரலில் சிவப்பாகக் கறை படியும், வேருக்கும் இறங்கி முடிச்சு முடிச்சாக்கிவிடும். எம்.எம்.106, எம்.எம்.111 வேர்ச்செடிகள் அதைத் தாங்குவதற்கென்றே உருவாக்கியவை. பண்ணைக்காடு கொடைக்கானல் டவுனைவிடத் தாழ்வு, காபிக்கு ஏற்ற உயரம். அங்கே ஆப்பிளை அலங்காரத்துக்கும் ஆசைக்கும் வைத்துக்கொண்டு, பறிக்கிற திருப்திக்கு ஆரஞ்சும் பட்டர் ஃப்ரூட்டும் வையுங்கள் என்பேன். மலை ஆரஞ்சு கார்த்திகையிலிருந்து தை வரை வரும், அரையாண்டு லீவுக்கு அப்படியே பொருந்தும். ஆரஞ்சை மட்டும் கையால் திருகாதீர்கள், தோல் காம்போடு பிய்ந்து வந்துவிடும், கத்தரிக்கோலால் காம்பை நறுக்குவதுதான் முறை.

கேள்வி: வில்பட்டி பக்கம் எங்களுக்குப் பேரி, பிளம்ஸ் மரங்கள் இருக்கின்றன. வியாபாரிக்குக் குத்தகை விட்டு அலுத்துவிட்டது. வெளிநாட்டில் மாதிரி குடும்பங்களை உள்ளே விட்டுப் பறிக்க வைத்துக் காசு வாங்கலாமா? கட்டுப்படியாகுமா அண்ணே?
– கொடைக்கானல் விவசாயி

பதில்: வாங்கலாம் தம்பி, தாராளமாக. எல்லா மரத்தையும் ஒரே வருஷத்தில் இதற்கு விடாதே. ரோட்டுக்குக் கிட்ட, சரிவு குறைவான இடத்தில் இருக்கிற கொஞ்ச மரத்தை மட்டும் ஒதுக்கு, மீதியைக் குத்தகைக்கே விடு. குத்தகைக்காரரிடம் எந்த மரம் யாருக்கு என்று சுண்ணாம்பு அடித்துக் காட்டிவிட வேண்டும், இல்லையென்றால் முதல் ஞாயிற்றுக்கிழமையே சண்டை.

நுழைவுக்குத் தலைக்கு ஒரு சின்னத் தொகை, பறித்ததற்கு எடைக்கு ஒரு விலை, இரண்டையும் பிரித்து வை. நுழைவுக்காசு இல்லாமல் எடை மட்டும் என்றால் பாதிப்பேர் மரத்தடியிலேயே வயிறு நிறையத் தின்றுவிட்டு ஒரு கிலோவோடு கிளம்புவார்கள். அதில் தப்பில்லை, அதற்குத்தான் வருகிறார்கள், ஆனால் உனக்குக் கட்டாது. விலையை மார்க்கெட் கமிஷன் மண்டி விலைக்கு வைக்காதே. பறிகூலி, சாக்கு, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் மிச்சம் என்றாலும், ஒடிகிற கிளையும் மிதிபடுகிற பாத்தியும் உன் கணக்கில்தான் விழும்.

கீழ்க்கிளைக் காய்களைப் பிள்ளைகளுக்கு என்று விட்டுவை. உயரத்தில் இருப்பதை முதல் நாளே உன் ஆட்கள் பறித்துவிட்டால் யாருக்கும் மரம் ஏறத் தோன்றாது. இனிமேல் வைக்கிற கன்றை நடுத்தண்டை வெட்டி, கிண்ணம் மாதிரி விரித்து வளர், இளம் கிளையைக் கயிறு கட்டி முளைக்குச்சியில் தாழ இழுத்துவிடு. பேரியைக் குயின்ஸ் வேர்ச்செடியில் ஒட்டினால் மரம் குட்டையாக நிற்கும். எல்லா ரகமும் அதில் ஒட்டாது, ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுவிட்டுச் செய்.

முக்கியமானது மருந்து. உள்ளே வருகிற பிள்ளை கழுவாமல்தான் கடிக்கும், எத்தனை போர்டு வைத்தாலும் கடிக்கும். தெளித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று மருந்து டப்பாவிலேயே போட்டிருக்கும், அந்த நாள் முடியாமல் ஒருத்தரையும் உள்ளே விடாதே, முடிந்தால் சீசனில் தெளிப்பையே நிறுத்து. தெளித்த தேதியை வாசலில் எழுதிப் போடு. கீழே விழுந்த பழத்தைக் காலையிலேயே பொறுக்கிவிட வேண்டும், அழுகினால் குளவி மொய்க்கும். சாயங்காலம் நாலு மணிக்குக் கேட்டைப் பூட்டு. விழுந்த பழ வாசனைக்குக் காட்டுமாடு வருகிற நேரம் அது, போட்டோ எடுக்கிறேன் என்று கிட்டப் போகிறவர்களை நீ தடுக்க முடியாது. குரங்கைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருகிறவர்கள் கையில் சிப்ஸ் பாக்கெட் இல்லாமல் பார்த்துக்கொள், அவ்வளவுதான்.

கட்டுப்படியாகுமா என்றால், மே மாதம் பிளம்ஸுக்கு நிச்சயம் கூட்டம் வரும். ஆவணியில் பேரிக்குக் கூட்டத்தை நீதான் பழக்க வேண்டும். மேலே கோவை வாசகியின் கடிதத்தைப் படித்தாய் அல்லவா, அப்படிப்பட்ட குடும்பங்கள் வருஷா வருஷம் திரும்பி வந்தால் உனக்குப் போதும், ஆயிரம் பேர் வேண்டாம்.

கேள்வி: ரோட்டோரம் வேலிக்கு வெளியே தொங்குகிற பழத்தைப் பறித்தால் என்ன தப்பு?
– பெயர் வேண்டாம் என்றவர்

பதில்: பெயரை மறைக்கிறீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. மரம் யாருடையதோ பழம் அவருடையது. பெரும்பாலும் அது குத்தகைக்காரர் ஏற்கெனவே காசு கட்டிய பழம். குரல் கொடுத்துக் கேளுங்கள், மலைக்காரர்கள் ரெண்டு பழம் கேட்டால் நாலு பழம் தருவார்கள்.

கேள்வி: செப்டம்பரில் குன்னூர் போனபோது சிம்ஸ் பூங்காவில் தக்காளி போல் ஆரஞ்சு நிறத்தில் மரம் நிறையப் பழம். பெர்சிமன் என்றார்கள். பிள்ளைகள் பறிக்க வேண்டும் என்று அடம். காவலர் விடவில்லை. ஒன்று கீழே கிடந்ததைக் கடித்துப் பார்த்தேன், நாக்கே மரத்துவிட்டது. இதையா விற்கிறார்கள்?
– ஈரோடு வாசகி

பதில்: காவலர் செய்தது சரி. 1874-இல் தொடங்கிய பூங்கா அது, தோட்டக்கலைத் துறையின் சொத்து, அங்கே பறிக்கிற பேச்சே கிடையாது. பார்த்து ரசிக்கலாம், மே மாதம் பழக் கண்காட்சிக்கு வந்தால் பழங்களையே அடுக்கிப் பெரிய பெரிய உருவமெல்லாம் செய்து வைத்திருப்பார்கள், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

நீங்கள் கடித்தது பழுக்காதது. பெர்சிமனில் டானின் அதிகம், நாக்கைப் பிடித்து இழுப்பது அதுதான். நிறம் வந்துவிட்டால் பழுத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது, இந்த வகையைத் தோல் கண்ணாடியாகி, கையில் எடுத்தால் தொளதொளவென்று ஆகிற வரை வைத்திருந்து ஸ்பூனால் வழித்துத் தின்ன வேண்டும், அப்போது தேனாக இருக்கும். அடுத்த முறை கெட்டியானதாக நாலு வாங்கி, ஒரு வாழைப்பழத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள். தினமும் திறந்து அமுக்கிப் பார்க்க வேண்டாம், தோல் கிழிந்தால் பூசணம் பிடிக்கும்.